முப்பதுக்குள் இருக்கும் ஐந்து

பெங்களூரு மர்பி டவுனில் பல குழந்தைகளுக்கு வீட்டில் தமிழ். பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ. கணக்குத் தேர்வில் அவர்கள் சறுக்கியது பெருக்கலிலா, வினாவின் வாக்கியத்திலா என்பதை விடைத்தாள் சொல்வதில்லை. மதிப்பெண் மட்டும் கணக்கின் பெயரில் குறைகிறது.

ஜப்பானிய ஆசிரியர் டெட்சுயா மியாமோட்டோ 2004இல் உருவாக்கிய கென்கென் புதிருக்கு வாக்கியமே தேவையில்லை. ஆறுக்கு ஆறு கட்டம். 1 முதல் 6 வரையிலான எண்கள். எந்த நிரையிலும் நிரலிலும் ஓர் எண் இருமுறை வரலாகாது. ஒரு நிரையில் அடுத்தடுத்த மூன்று அறைகளின் பெருக்கற்பலன் 30 எனில், அவை 1, 5, 6 அல்லது 2, 3, 5. இரண்டிலும் 5 உண்டு. ஆகவே அந்நிரையின் ஏனைய அறைகளில் 5 வர இயலாது. 30 ஐந்தின் மடங்கு. 1 முதல் 6 வரை ஐந்தால் மீதியின்றி வகுபடுவது 5 மட்டுமே. பகா எண் என்ற சொல்லைக் கேட்கும் முன்பே குழந்தை அதைக் கையாண்டுவிடுகிறது.

வாய்பாடு வேண்டாம் என்பதல்ல வாதம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை மனனம் செய்தது வீணுமல்ல; ‘ஐயாறு முப்பது’ நாவில் வராமல் முப்பதைப் பிரிக்க முடியாது. ஆனால் முப்பது எவற்றின் பெருக்கம் என்று வாய்பாடு திருப்பிக் கேட்பதில்லை. காரணிப்படுத்துதல் தொடங்குவது அங்கேதான். ‘கணக்கு வராத பிள்ளை’ என்று ஒரு குழந்தையைக் குறித்துவைக்கும் பள்ளி, அதற்கு முன் ஒருமுறையேனும் சொற்களற்ற இந்தக் கட்டத்தை அதன் முன் வைத்திருக்க வேண்டும்.