அவர் ஏன் தனியாகப் போனார்?

பூமிநாதன் சாரை அந்த இருட்டில் தனியாக விட்டது யார்? 2021 நவம்பர் 21ஆம் தேதியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை பதில் சொல்ல ஆளில்லை.

திருச்சி நவல்பட்டு ஸ்டேஷன் சிறப்பு எஸ்.ஐ. அவர். நைட் ரவுண்ட்ஸில் ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். நிற்கவில்லை. விரட்டிக்கொண்டே மாவட்ட எல்லையைத் தாண்டி, கீரனூர் பக்கம் பள்ளத்துப்பட்டி வரைக்கும் போய்விட்டார். கூட வந்த ஏட்டு வழி தவறிவிட்டார். பூமிநாதன் சார் போன் போட்டு ஆள் கேட்டிருக்கிறார். ஆள் போய்ச் சேர்ந்தபோது வெட்டுப்பட்டு இறந்து கிடந்தார். கைதானவர்களில் ஒருவனுக்கு 19 வயது. மற்ற இருவரும் அவனைவிடச் சின்னப் பையன்கள்.

துணிச்சல்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் மற்ற எல்லாக் கேள்வியும் அடங்கிப்போகிறது. இத்தனை பெரிய மாவட்டத்தில் நடுராத்திரி ஒரு மனுஷன் உதவி கேட்டால் உடனே போய் நிற்க ஒரு வண்டி இல்லையா, நாலு பேர் இல்லையா? ரவுண்ட்ஸ் போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துப் போக வேண்டும் என்று அவர் செத்த பிறகு டி.ஜி.பி. சொன்னார். அந்தப் பேச்சு நவம்பர் 20ஆம் தேதி எங்கே போயிருந்தது? களியக்காவிளை சோதனைச் சாவடியில் டூட்டியில் இருந்த வில்சன் சாரைச் சுட்டுக் கொன்றது 2020 ஜனவரி 8. அதற்கே ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்ததே! ஒரு வீட்டுத் தாலி அறுந்தது போதாதா உங்களுக்கு?

போதவில்லை. 2025 ஆகஸ்டில் குடிமங்கலம் சண்முகவேல் சார். தோட்டத்தில் குடிபோதையில் அப்பனும் மகன்களும் அடித்துக்கொள்கிறார்கள் என்று தகவல் வந்து, விலக்கிவிடப் போனவர். கூடப் போனது ஒரே ஒரு காவலர். வெட்டிக் கொன்றுவிட்டார்கள். மறுபடியும் ஒரு கோடி ரூபாய் அறிவிப்பு, மறுபடியும் குண்டு முழக்கம்.

நானும் ஒரு போலீஸ்காரர் பெண்டாட்டிதான். இதை என் வீட்டுக்காரர் எழுத முடியாது. 1966ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது; அனுமதியில்லாமல் போலீஸ்காரர் சங்கம் சேரக் கூடாது, பத்திரிகைக்குப் பேசக் கூடாது. மீறினால் மெமோ, சஸ்பென்ஷன், வேலையே போகும். 2024 அக்டோபரில் தெலங்கானாவில் சிறப்புக் காவல் படைக்காரர்களின் மனைவிமார் பிள்ளைகளோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். புருஷனை மாதத்தில் சில நாளாவது வீட்டில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. காவலர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். சில நாளுக்குள் 39 பேர் சஸ்பெண்டு, 10 பேர் டிஸ்மிஸ். வாய் திறந்ததற்கு அவ்வளவு வேகமாகக் கிடைத்தது உத்தரவு. இங்கே வார விடுப்புக்கு 2021லேயே அரசாணை வந்துவிட்டது. லைன் வீடுகளில் போய்க் கேளுங்கள், எத்தனை வாரம் அது கைக்கு வருகிறது என்று. திருவிழா பந்தோபஸ்து, மந்திரி வருகை, தேர்தல், கூட்டம் என்று ஏதாவது ஒன்று வந்து அதைத் தின்றுவிடும்.

காக்கி என்றாலே காறித் துப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சாத்தான்குளத்தை நான் மறைக்க மாட்டேன். ஜெயராஜையும் பென்னிக்ஸையும் அடித்துக் கொன்ற கைகள் இதே உடுப்புக்குள் இருந்தவைதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் செய்தவர்களுக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் அந்தப் பாவத்தைக் காட்டி, ஆடு பறிகொடுத்த ஏழைக்காக ஓடிச் செத்த ஒருவரின் சாவை அற்பமாக்காதீர்கள். அவர் பெண்டாட்டி யாரையும் அடிக்கவில்லை.

உயிருக்கு ஒரே விலைகூட இல்லை இங்கே. 2020 ஆகஸ்டில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ரௌடியைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் செத்தார். அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்கு 50 லட்சம். அதே வருஷம் வில்சன் சாருக்கு ஒரு கோடி. எந்தக் கணக்கில் பாதியாக்கினீர்கள்? சுப்பிரமணியன் செத்து மூன்று மாதம் கழித்து, தீபாவளி நாளில், மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் கட்டடம் இடிந்து விழுந்து செத்தார்கள். ஊரே பட்டாசு வெடிக்கிற நாளில்தான் தீயணைப்புக்காரர் வீட்டில் ஆள் இருக்காது. அந்த இரண்டு வீட்டிலும் இனிமேல் எந்தத் தீபாவளிக்கு விளக்கேற்றுவார்கள்?

வெட்டுப்பட்டுச் செத்தவர் பேராவது பேப்பரில் வருகிறது. இரண்டு நாள் தூங்காமல் பாரா பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது லாரியில் மோதியவர், பந்தோபஸ்து வெயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், இவர்களுக்காக எந்த மேடையில் யார் பேசினார்கள்? அவர்கள் பெண்டாட்டிகள் ஆபீஸ் ஆபீஸாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். கருணை வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு, படித்த பிள்ளையைக் கடையில் கணக்கெழுத அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

வருஷா வருஷம் அக்டோபர் 21 வருகிறது. 1959ல் லடாக் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை சுட்டு இறந்த பத்துக் காவலர்களின் நாள். சென்னையில் டி.ஜி.பி. ஆபீஸ் வளாகத்தில் மலர்வளையம் வைப்பார்கள், பியூகிள் ஊதுவார்கள். அந்த மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வாங்குகிற தகுதி செத்தவர்களுக்கு இருக்கிறது. வைக்கிறவர்களிடம்தான் கேட்கிறேன். ராத்திரி ரவுண்ட்ஸ் இரண்டிரண்டு பேராகப் போகிறதா என்று நேற்று யாராவது பார்த்தீர்களா? காலியிடங்களை நிரப்ப வேண்டிய ஃபைல் யார் மேஜையில் கிடக்கிறது? ஆள் கேட்டுப் போன் வந்தால் எத்தனை நிமிஷத்தில் வண்டி போகும்? எழுதிக் கொடுங்கள். இன்றைக்கு ராத்திரியும் என் வீட்டுக்காரருக்கு ரவுண்ட்ஸ் போட்டிருக்கிறது. கூட யார் என்று கேட்டேன். "ஆளில்லை" என்றார்.