கடைசியில் வருகிறவர்கள்

பந்தயம் என்றதும், முதலில் வந்தவர் யார் என்று விசாரிப்பதுதான் உலக வழக்கம். இரண்டாவதாக வந்தவரின் பெயரை அவருடைய தாயார் நினைவில் வைத்திருந்தால் அதுவே அதிகம். கடைசியில் வந்தவரைப் பற்றியோ யாரும் கேட்பதே இல்லை. ஆனால், கடைசியில் வருகிறவரைக் காண்பதற்கென்றே ஜனங்கள் மாலை வரையில் கூடி நிற்கும் ஓட்டப் பந்தயம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில், டர்பன் துறைமுகத்துக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்துக்கும் இடையே நடைபெறும் 'காம்ரேட்ஸ்' பந்தயமே அது.

தூரம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பழைய கணக்கில் 56 மைல். மாரத்தான் ஓட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். பெரும்பாலும் ஒரு வருஷம் கடற்கரையிலிருந்து மேட்டை நோக்கி ஓடுவார்கள். மறு வருஷம் மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்குவார்கள். எப்படி ஓடினாலும் பெயர்பெற்ற ஐந்து குன்றுகள் வழியில் காத்திருக்கும்.

இதை ஆரம்பித்தவர் விக் கிளாப்ஹாம் என்ற ரயில் எஞ்சின் டிரைவர். முதல் உலக மகாயுத்தத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் சிப்பாயாக இருந்து, காட்டிலும் வெயிலிலும் வெகு தூரம் நடந்தவர். மாண்டுபோன தோழர்களின் ஞாபகார்த்தமாக, அவர்கள் பட்ட சிரமத்தில் ஓர் அம்சத்தையாவது உயிரோடிருப்பவர்கள் பட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 1921-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி 34 பேர் புறப்பட்டார்கள். 16 பேர் போய்ச் சேர்ந்தார்கள். இக்காலத்திலோ ஆயிரக்கணக்கானவர்கள் புறப்படுகிறார்கள். வெற்றி பெறுகிறவர் சுமார் ஐந்தரை மணி நேரத்தில் ஓடி முடித்துவிடுகிறார். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர், ஜெயிப்போம் என்று கனவிலும் நினையாத சாதாரண மனிதர்கள். உத்தியோகத்தையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு, விடியற்காலையில் கிடைத்த நேரத்தில் ஓடிப் பழகியவர்கள்.

பரிசு வரப்போவதில்லை என்று தெரிந்தும் இவர்கள் ஏன் ஓட வேண்டும்? இதற்கு விடை பந்தயத்தின் பிற்பாதியில் இருக்கிறது. தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து, வழியில் ஒன்றும் உண்ணாவிட்டால், சாதாரணமாக 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் தாங்கும். பிறகு தேகம் கொழுப்பை நம்பி மெதுவாகவே வேலை செய்யும். ஆகையால், வழியில் கொடுப்பதைச் சாப்பிட்டுக்கொண்டு, மேடுகளில் ஓட்டத்தை விட்டு நடந்து போக வேண்டும். நடப்பதில் அவமானம் எதுவும் இல்லை. முதல் பத்து மைலில் எல்லோரையும் முந்திக்கொண்டு போன வீராப்பு நாற்பதாவது மைலில் தானாகவே கழன்று விழுந்துவிடுகிறது.

கால் ஓயும் அந்த நேரத்தில்தான் மனம் பேசத் தொடங்குகிறது. தேர்ந்த வக்கீலைப் போல் அது வாதம் செய்கிறது: "முழங்கால் வலிக்கிறதே! உன்னை யார் ஓடச் சொன்னார்கள்? இதோ, இந்த மரத்தடியில் உட்கார்ந்தால் எந்த ராஜ்யம் கவிழ்ந்துவிடும்?" ஒவ்வொரு வாதமும் நியாயமானதே. ஆனால் வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே கால் ஓரடி முன்னே வைக்கிறது, பின்னும் ஓரடி. அப்படியானால் வாதம் செய்கிறவர் யார்? அதைக் கேட்டுக்கொண்டே நடக்கிறவர் யார்? தமக்குள் இப்படி இருவர் குடியிருப்பதை அதுவரையில் அறியாமலே மனிதர் நாற்பது வயது வரை வாழ்ந்திருப்பார். உடம்பு மெய்யாகவே அபாயத்தில் இருக்கும்போது உட்கார்ந்துவிடுகிறவர் தோற்றவராக மாட்டார். உண்மையான வலியையும் வக்கீலின் சாமர்த்தியத்தையும் பிரித்தறியக் கற்பதே இந்த வித்தையில் பாதி.

இப்போதைய கெடு பன்னிரண்டு மணி நேரம். அது நிறையும் நிமிஷத்தில், ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் அதிகாரி நிற்கிறார். யார் வருகிறார் என்று பார்த்தால் மனம் இளகிவிடுமல்லவா? துப்பாக்கி வெடித்ததும் எல்லை அடைபடுகிறது. ஓரடி பின்தங்கியவருக்கும் பதக்கம் கிடையாது. கடைசி நிமிஷங்களில் தள்ளாடி வருகிறவர்களுக்கு எழும் ஆரவாரம், வெற்றி வீரருக்குக் கிடைத்ததற்குக் குறைந்ததன்று.

இத்தனை தாராளமான பந்தயமும் வெகு காலம் எல்லோருக்கும் கதவைத் திறக்கவில்லை. 1923-ல் பிரான்ஸிஸ் ஹேவர்ட் என்ற பெண்மணியின் மனுவை மறுத்தார்கள். அவர் மனுவில்லாமலே ஓடி, 11 மணி 35 நிமிஷத்தில் முடித்தார். பதக்கம் தரப்படவில்லை, பார்த்தவர்கள் பணம் சேர்த்து வெள்ளிப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். 1935-ல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பர் அவ்வாறே கணக்கில் சேராமல் ஓடி முடித்தார். 1975-ம் வருஷத்தில்தான் பெண்களும் எல்லா இனத்தாரும் முறைப்படி அனுமதிக்கப்பட்டார்கள். ம்ட்ஷாலியின் பெயரால் ஒரு பதக்கம் ஏற்பட்டது 2019-ல். 1989-ல் சாம் ட்ஷபலாலா என்பவர் கறுப்பர்களில் முதல்வராக வெற்றி வாகை சூடினார். அதே நாளில், 1930-ல் வென்ற வாலி ஹேவர்ட் தம் எண்பதாவது வயதில், அப்போதைய பதினொரு மணிக் கெடுவுக்கு இரண்டு நிமிஷம்கூட மிச்சமில்லாதபோது எல்லையைத் தாண்டினார். அன்றைய தினம் மேலான வெற்றி எது என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் துணிவில்லை.

இந்த இரு நகரங்களின் பெயர்களும் நம் நாட்டாருக்குப் புதியனவல்ல. 1860-ல் சென்னையிலிருந்து சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கியது டர்பனில்தான். 1893-ம் வருஷம் ஜூன் மாதம் 7-ந் தேதி இரவு, டர்பனிலிருந்து முதல் வகுப்புச் சீட்டுடன் பிரயாணம் செய்த இளம் பாரிஸ்டர் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில். குளிரில் நடுங்கிக்கொண்டு, ஊர் திரும்புவதா, மேலே போவதா என்று அவர் யோசித்தார். அவருக்குள்ளும் அன்று ஒரு வக்கீல் வாதாடியிருக்க வேண்டும். மறுநாள் அவர் மேலே போனார்.

நேயர்கள் நாளைக் காலையிலேயே 56 மைல் ஓட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. வைத்தியரைக் கேட்டுக்கொண்டு இரண்டு மைலில் தொடங்கலாம். மூன்றாவது நாள் விடியற்காலையில், "இன்று மழை வரும் போலிருக்கிறதே" என்று உள்ளே ஒரு குரல் எழும். அந்த வக்கீலை அடையாளம் கண்டுகொண்டு, எழுந்து வாசலுக்கு வாருங்கள்.