கொல்லர் பட்டறையில் ஒரு பௌதிக பாடம்

மாக்கல் மிருதுவானது, வைரம் கடினமானது என்று நம் பிள்ளைகள் மனனம் செய்து ஒப்பிக்கிறார்கள். 1812-இல் பிரீட்ரிக் மோஸ் என்னும் ஜெர்மானிய தாதுவியல் அறிஞர் வகுத்த வரிசையில் முன்னதன் மூலதாதுவுக்கு 1, பின்னதற்கு 10 என்று எழுதிப் பரீட்சையில் மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். ஆயினும், கடினம் என்பது ஒரு பதார்த்தத்தோடு கூடப்பிறந்து என்றும் மாறாதிருக்கும் குணம் என்ற எண்ணமே இவ்வாறு கற்பதால் அவர்கள் மனத்தில் வேரூன்றிவிடுகிறது என்பது என் ஆட்சேபம்.

வைரமும் பென்சிலில் எழுதும் கிராபைட்டும் ஒரே கார்பன்தான். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களை இறுகப் பற்றி நிற்க, கிராபைட்டிலோ அணுக்கள் தாள் தாளாக அமைந்து, தாளுக்கும் தாளுக்கும் இடையே பற்று மெலிந்திருப்பதால், லேசாகத் தேய்த்தாலே நழுவிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது.

கடினம் அணுக்கள் அமைந்த விதத்தைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் அரிய பாடம் கொல்லர் உலைக்களத்தில் இருக்கிறது. சுத்தமான இரும்பு ஏன் எளிதில் வளைகிறது என்பதற்கு, அணு வரிசைகளில் உள்ள பிசகுகள் தடையின்றி நகர்வதே காரணம் என்று 1934-இல் டெய்லர், ஒரோவான், போலன்யி ஆகிய மூவரும் தனித்தனியே விளக்கினார்கள். அந்த நகர்ச்சிக்குக் குறுக்கே நிற்பது எதுவோ அதுவே உலோகத்தைக் கடினமாக்குகிறது. எஃகில் அவ்வாறு நிற்பது நூற்றுக்கு ஒரு பங்கு அளவேயான கார்பன். செந்தணலில் பழுத்த உளியின் முனையைக் கொல்லர் தண்ணீரில் தோய்க்கையில், இரும்பில் கரைந்திருந்த கார்பன் பிரிந்து ஒதுங்க அவகாசமின்றி உள்ளேயே சிக்கி, அணு அடுக்கை முறுக்கிவிடுகிறது. அந்நிலையில் முனை அரத்துக்கும் மசியாது. ஆனால் ஓங்கி அடித்தால் தெறித்துவிடும். ஆகையால் அவர் முனையைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, தண்டிலே எஞ்சிய வெப்பம் கீழிறங்கி வருவதை அதன் நிறத்தைக் கொண்டே கவனிக்கிறார். வைக்கோல் மஞ்சள் தோன்றினால் வெப்பம் ஏறத்தாழ 230 டிகிரி. ஊதாவைக் கடந்து நீலம் படர்ந்தால் 300-ஐ நெருங்கிவிட்டது என்று பொருள். வேண்டிய நிறம் வந்த கணத்தில் மறுபடியும் தோய்க்கிறார். கடினத்தில் சிறிது இழந்து, உடையாத உறுதியைப் பெறும் இந்தச் சூட்சுமத்தை அவர் வெப்பமானியின்றிக் கண்ணாலேயே சாதிக்கிறார்.

பூர்வத்தில் உருக்கு வடித்த கொடுமணலைத் தன் எல்லைக்குள் கொண்ட நாட்டில், இதைப் பார்க்காமலே பிள்ளைகள் பௌதிகத்தில் தேறிவிடுவது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஆண்டுக்கு ஒரு நாளேனும் அருகிலுள்ள பட்டறைக்கு அழைத்துச் சென்று, தோய்ப்பதற்கு முன்னும் பின்னும் அதே உளியின்மேல் அவர்கள் கையாலேயே அரத்தை ஓட்டிப் பார்க்கச் செய்வதும், அன்றைய ஆசிரியராகிய கொல்லருக்குத் தக்க சன்மானம் அளிப்பதும் கல்வித்துறை உடனே மேற்கொள்ள வேண்டிய காரியங்கள்.