நட்சத்திரக் கணக்கு

வெளியூர் போனவர்கள் பசி வந்ததும் முதல் காரியமாகக் கைபேசியை எடுத்து, எந்த ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பது இப்போது நித்திய கர்மாவைப் போல ஆகிவிட்டது. 4.3 என்றால் உள்ளே நுழைகிறார்கள், 3.7 என்றால், வாசலிலேயே நெய் மணம் வந்து அழைத்தாலும், திரும்பிப் பாராமல் போய்விடுகிறார்கள். ஆயிரம் பேர் சேர்ந்து சொன்னது பொய்யாகுமா என்பது இவர்களுடைய வாதம்.

ஆயிரம் பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் அந்த வாதத்துக்கு நானும் தலைவணங்கியிருப்பேன். ஆனால் ஒருவர் சாம்பாரைப் பற்றியும், இன்னொருவர் கார் நிறுத்த இடமில்லாததைப் பற்றியும், மூன்றாமவர் மழையில் நனைந்து பொட்டலம் கொண்டுவந்த பையன் அரை மணி பிந்தியதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல, அம்மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து வரும் எண்ணைச் சமையலின் லட்சணம் என்று கொள்வது, ஜாதகத்தையும் ரேஷன் அட்டையையும் மருந்துச் சீட்டையும் கூட்டிப் பார்த்து மாப்பிள்ளையின் குணத்தை நிர்ணயிப்பது போன்ற காரியம். போதாக்குறைக்கு, திருப்தியாகச் சாப்பிட்ட சாமானியன் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறான். எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் உச்சி குளிர்ந்தவர்கள், அல்லது உச்சி கொதித்தவர்கள்.

சென்ற மாதம் ஒரு சிற்றூரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த மெஸ் ஒன்றைப் பற்றி நானும் இப்படித் தேடிப் பார்த்தேன். எண் 3.7. அதை விட்டுவிட்டு, ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியிருந்ததை மட்டும் நிதானமாக வாசித்தேன். ஒன்றரை மணிக்கே சாப்பாடு தீர்ந்துவிட்டதென்று ஒருவர் கொதித்திருந்தார், ஏ.சி. இல்லை என்பது ஒருவர் குறை. பன்னீர் பட்டர் மசாலா கேட்டதற்குப் பரிமாறுகிறவர் சிரித்துவிட்டார் என்பது மற்றொருவருடைய மனஸ்தாபம். ருசியைப் பற்றியோ சுத்தத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. அன்றைக்கு வடித்ததை அன்றைக்கே தீர்த்துவிட்டு அடுப்பை அணைக்கிற இடத்துக்கு இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் வேறென்ன வேண்டும்? பன்னிரண்டரைக்கே போய் உட்கார்ந்தேன். தண்ணீர் தெளித்துத் துடைத்த இலையில் சோறு ஆவி பறக்க விழுந்தது. வற்றல் குழம்பில் சுண்டைக்காய் உப்பிக்கொண்டு எண்ணெயோடு மிதந்தது. எதிரே ஒரு பெரியவர் ரசத்துக்காக மூன்றாவது முறையாகக் கையைக் குழித்து ஏந்திக்கொண்டிருந்தார். மோர் மட்டும் நீர்த்திருந்தது என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

நட்சத்திரம் இடும் வழக்கமே ஆகாது என்பதல்ல என் கட்சி. டயர் விற்கும் மிஷெலின் கம்பெனி, கார்க்காரர்களுக்காக 1900-ல் பிரான்ஸில் வெளியிடத் தொடங்கிய கைநூலில், 1926 முதல் உணவகங்களுக்கு நட்சத்திரம் இட்டு வந்திருக்கிறது. பெயர் சொல்லாமல் வந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டுப் போகிற அதன் பரிசோதகர்கள், நட்சத்திரத்துக்காகத் தட்டில் இருப்பதை மட்டுமே எடை போடுகிறார்கள். அந்தத் தீர்ப்போடு சண்டை பிடிக்கலாம். எதைப் பற்றிய தீர்ப்பு என்பதிலாவது சந்தேகமில்லை. சாப்பிட்டவர் யார் என்பதும் சிறிய விஷயமன்று. 1993-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் உணவக விமர்சகர் ரூத் ரைஷல், லெ ஸிர்க் என்னும் பிரசித்தமான உணவகத்துக்கு மாறுவேஷத்தில் சாதாரணப் பெண்மணியாகவும், பின்பு இன்னார் என்று தெரியும்படியும் போய், இரண்டு விதமான உபசாரத்தையும் அடுத்தடுத்து வைத்து எழுதி, அப்பத்திரிகை அதற்கு இட்டிருந்த நான்கு நட்சத்திரத்தை மூன்றாகக் குறைத்தார். சமையலறை ஒன்றுதான், விருந்தாளிதான் வேறு.

கூட்டத்தின் வாக்கே வேதம் என்கிறவர்களுக்கு லண்டன் சமாசாரம் ஒன்று உண்டு. ஊபா பட்லர் என்னும் பத்திரிகையாளர், தாம் குடியிருந்த தோட்டக் கொட்டகையை உணவகம் என்று பதிவு செய்து, சவர நுரை முதலியவற்றைப் பட்சணம் போலப் படமெடுத்துப் போட்டு, சிநேகிதர்களைக் கொண்டு புகழ்ந்து எழுதுவித்து, 2017-ல் டிரிப்அட்வைஸர் என்னும் இணையதளத்தில் அதை அந்நகரின் முதல் இடத்துக்கே ஏற்றிவிட்டார். அதுவரையில் அங்கே ஒரு வாடிக்கையாளரும் ஒரு கவளம் உண்டதில்லை.

நம் ஊரில் இவ்வளவு சிரமம் தேவைப்படவில்லை. ஒரு பெரிய ஹோட்டலில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அட்டை மாட்டியிருந்தது: ஐந்து நட்சத்திரம் போட்டுக் காட்டினால் ஒரு ரோஸ்மில்க் இலவசம். "போட்டுட்டீங்களா சார்?" என்று கல்லாவில் இருந்தவர் அன்போடு விசாரித்தார். போடாமல், நாற்பது ரூபாய் கொடுத்தே வாங்கிக் குடித்தேன். ரோஸ்மில்க் நன்றாகத்தான் இருந்தது, தோசைதான் வேகவில்லை.