பேச்சி என்ன பாவம் செய்தாள்?

போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் பொட்டிபுரம். அங்கே நண்பர் ஒருவர் வீட்டில் பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விசேஷம். அழைத்திருந்தார், போயிருந்தேன். தொட்டில் கட்டியாயிற்று, தாய்மாமன் சீர் வந்தாயிற்று, வந்தவர்களுக்குக் காப்பியும் கொடுத்தாயிற்று. பெயர்தான் இல்லை!

கூடத்தின் ஒரு மூலையில் குழந்தையின் தகப்பனார் கைபேசியில் ஒரு பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். எண்கணித ஜோசியர் அனுப்பிய பட்டியல். அதில் 'ஷ்' இல்லாத பெயரே கிடையாது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்தை இரட்டித்தால் யோகம் கூடுமாம். இந்தப் பெயர்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அர்த்தம் கெடக்கட்டும் அண்ணே, புதுசா இருக்குல்ல?" என்றார்.

எதிர் மூலையில் அவருடைய அப்பத்தா. எண்பது வயதுக்கு மேலிருக்கும். ஏலத்தோட்டத்தில் குனிந்து காய் எடுத்தே கூன் விழுந்துபோன முதுகு. அவள் ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னாள்: பேச்சியம்மாள். அது அவர்கள் குலதெய்வத்தின் பெயர். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் காவல் நிற்பவள் பேச்சி என்பது நம் தென்சீமையின் நம்பிக்கை. "அவ குடுத்த பிள்ளைக்கு அவ பேர வைக்க என்னப்பா வெக்கம்?" என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க அப்பத்தா" என்றார் பேரன்.

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சிரிப்பார்கள், வாஸ்தவந்தான். அந்தக் குழந்தைகளுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? சினிமாவில் கதாநாயகிக்கு ஒரு பெயர், வேலைக்காரிக்கு ஒரு பெயர் என்று பிரித்து வைத்தார்கள். முனியம்மா என்று யாராவது கூப்பிட்டால் அங்கே ஒரு துடைப்பம் வரும் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். நாம் காசு கொடுத்து உட்கார்ந்து சிரித்தோம். நம் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தையும் சிரித்தது. நாம் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு நாமே பயப்படுவது என்ன நியாயம்?

இந்த மலைச்சரிவில் ஏலம் பயிரிடுகிறவர்கள் எல்லோருக்கும் 'ஞள்ளானி' என்ற ரகம் தெரியும். இடுக்கி மலையில் ஒரு விவசாயி தெரிந்தெடுத்துப் பெருக்கிய ரகம் அது. அதற்கு அமைந்த பெயர் அவருடைய வீட்டுப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கன்று கேட்டு வாங்குகிறோம். அதன் விளைச்சலைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். ஏலச்செடிக்கு ஒரு வீட்டின் பெயர் இருந்தால் கௌரவம். பெற்ற பெண்ணுக்கு நம் வீட்டுத் தெய்வத்தின் பெயர் இருந்தால் கேவலமா?

'பேரன்' என்ற சொல்லையே பாருங்கள். பெயரன், அதாவது பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன். உறவுக்கே பெயரால் பெயர் வைத்த ஜாதி நாம். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடும் அந்த நாளில் இருந்தது. பெற்ற பிள்ளைக்கு மாமனார் பெயர். பிள்ளையைக் கூப்பிடாமல் முடியுமா? ஆகவே 'ராசா' என்றாள், 'பெரியவனே' என்றாள், 'ஐயா' என்றாள். நம் வீடுகளில் செல்லப் பெயர் பிறந்ததற்கு இப்படியும் ஒரு வழி உண்டு. முழுப் பெயரின் மேல் வைத்த மரியாதையே ஒரு செல்லப் பெயரைக் கொண்டுவந்தது. இன்று நாம் செய்வது என்ன? முழுப் பெயரைக் குப்பையில் போட்டுவிட்டுச் செல்லப் பெயரையே பிறப்புச் சான்றிதழில் ஏற்றுகிறோம்.

பழசென்றால் எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. உசிலம்பட்டி, தேனிப் பக்கத்தில் 'போதும்பொண்ணு' என்றொரு பெயர் உண்டு. மேலும் மேலும் பெண்ணாகப் பிறந்தால், இனிப் பெண் வேண்டாம் என்று தெய்வத்துக்குச் சொல்லும் விண்ணப்பத்தைக் குழந்தையின் தலையிலேயே எழுதிவிடுவது! ஆயுள் முழுவதும் அவள் அதைச் சுமக்க வேண்டும். அது பழைய பெயர்தான். ஆனாலும் பெயரல்ல, புகார். அதை ஒழிப்பதில் நான் முன்வரிசையில் நிற்பேன்.

அந்நியச் சத்தம் என்பதற்காகவும் நான் சண்டைக்கு வரவில்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுக் துரையின் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் பெயர்தான். ஆனால் அதன் பின்னால் தண்ணீர் இருக்கிறது, நெல் இருக்கிறது, நன்றி இருக்கிறது. அந்தப் பிள்ளை "எனக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டால் தகப்பனிடம் சொல்ல ஒரு கதை உண்டு. ஜோசியரின் பட்டியலிலிருந்து எடுத்த பெயருக்கு என்ன கதை சொல்வீர்கள்? கூட்டுத்தொகை ஐந்து என்றா?

செல்லப் பெயரே கூடாதா என்று கேட்கிறீர்கள். தாராளமாக வேண்டும். பேச்சியம்மாளைப் 'பேச்சி' என்று கூப்பிடுங்கள், 'பாப்பா' என்று கூப்பிடுங்கள், 'குட்டிம்மா' என்று கொஞ்சுங்கள். அன்பு இருக்கிற இடத்தில் அது தானே முளைக்கும்; யாரும் பட்டியல் போட்டுத் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த உரிமை அன்புள்ளவர்களுக்கு மட்டுந்தான். அப்பத்தா தோட்டத்து வேலைக்குப் போன காலத்தில் அவளை ஒரு கங்காணியும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். 'ஏ குட்டை' என்பார்களாம். கூலிக் கணக்கிலும் அதுவே ஏறியதாம். அவள் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாய் சுருக்கினால் செல்லம். அதிகாரம் சுருக்கினால் அவமானம். அந்த அவமானத்தை எதிர்த்து நிற்க ஒருத்தியிடம் இருக்கும் முதல் ஆயுதம் அவளுடைய முழுப் பெயர். அதை மகளுக்குக் கொடுக்காமல் விடலாமா?

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏறினால் 'போடி' என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். வெளியூர்ப் பெண்கள் யாரோ தங்களை விரட்டுவதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள்! ஆனால் 2023இல் மறுபடியும் ரயில் வந்தபோது நிலையத்துப் பலகையில் என்ன எழுதியிருந்தது? போடிநாயக்கனூர் என்றுதானே? வாய்க்கு ஒன்று, பலகைக்கு ஒன்று. ஊருக்குத் தெரிந்த இந்த நாகரிகம் நமக்குத் தெரியவில்லை.

நண்பர் படித்தவர், லேசில் விடவில்லை. "இதோ நம்ம பொட்டிபுரத்து மலைக்குள்ள ஆய்வுக்கூடம் கட்டணும்னு 2015இல மத்திய சர்க்கார் ஒப்புதல் கொடுத்துச்சே, அந்த நியூட்ரினோவுக்குச் செல்லப் பெயர்தானே நிலைச்சிருக்கு?" என்றார். உண்மைதான். 1930இல் அந்தத் துகளை ஊகித்துச் சொன்ன பவுலி அதற்கு 'நியூட்ரான்' என்று பெயர் சொன்னார். 1932இல் சாட்விக் கண்டுபிடித்த கனத்த துகளுக்கு அந்தப் பெயர் போய்விடவே, இத்தாலியர்கள் இந்தச் சின்னதை 'நியூட்ரினோ', அதாவது 'குட்டி நியூட்ரான்' என்று தங்கள் பாஷையில் விளையாட்டாகச் சொன்னார்கள். பெர்மி அதை உலகம் முழுவதும் பரப்பினார்.

"சரி ஐயா. நியூட்ரினோ வளராது, என்றைக்கும் குட்டிதான். உங்கள் மகள் வளர்வாளே! அறுபது வயதில் பாங்கிக்குப் போய் உட்கார்ந்திருக்கும்போது கியூட்டி என்று கூப்பிட்டால் எழுந்து போவாளா?" என்றேன். அப்பத்தா கைதட்டிச் சிரித்தாள். நண்பர் சிரிக்கவில்லை.

அன்று பெயர் வைக்காமலே விசேஷம் முடிந்தது. 1969ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பை 21 நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும்; பெயரைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். ஜோசியரைவிடச் சர்க்காருக்குப் பொறுமை அதிகம்! நண்பருக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை அவருக்கு அனுப்பத்தான் போகிறேன். கோபித்துக்கொள்வார், கொள்ளட்டும். அப்பத்தாவுக்கு யாராவது படித்துக் காட்டினால் போதும்.