முனைவோர் என்பவர் யார்?

'தொழில்முனைவோர்' என்னும் சொல்லை இன்று நாம் ஒரு பட்டத்தைப் போல வழங்கிவருகிறோம். அதன் மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்கு 'ஒன்றை மேற்கொள்பவர்' என்பதே பொருள். அதற்குப் பொருளியலில் இடம் தேடித் தந்தவர் ரிச்சர்ட் காண்டிலான். அவர் மறைந்தபின் 1755இல் வெளியான நூலில், தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவரை, அதாவது நிச்சயமின்மையைச் சுமப்பவரை, அச்சொல்லால் குறித்தார். நிலையான கூலி பெறுவோர் மறுதரப்பு. பிச்சைக்காரரும் திருடரும்கூட அவர் கணக்கில் முனைவோரே!

இப்பொருள் சிவகாசிக்கு நன்கு பொருந்தும். 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் வானம் பார்த்த பூமியில் தம் கைப்பொருளைப் பணயம் வைத்தவர்கள். அப்பெருமையை நாம் மறுக்கவில்லை.

ஆனால் 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து, 20 பேருக்குக் குறையாமல் மாண்டனர். உரிமம் ஒருவரிடமிருக்க, ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. உள்குத்தகை நடக்குமிடத்தில் காண்டிலானின் பாகுபாடு தலைகீழாகிவிடுகிறது. உரிமக்காரருக்குக் குத்தகைப் பணம் நிச்சயம். மருந்து செலுத்தும் பெண்ணுக்கோ கூலி மட்டுமே நிச்சயம்; மாலையில் வீடு திரும்புவது நிச்சயமில்லை.

நிச்சயமின்மையைத் தாமே சுமப்பவர்க்குரிய பெயர் இது. அதைக் கூலியாள் தலையில் ஏற்றிவிட்டு இலாபத்தை மட்டும் வைத்துக்கொள்பவரை இப்பெயரால் அழைப்பது தகுமா? விருதுகள் வழங்கும் மேடைகளிடம் நாம் கேட்க விரும்புவது இதைத்தான்.