காவல்காரன் தூங்கலாமா?

என் தமக்கையாருக்கு வயது எழுபத்தெட்டு. நாடித்துடிப்பைக் கணக்கெடுக்கும் கைக்கடிகாரம் ஒன்றை மகன் வாங்கிக் கட்டிவிட்டிருக்கிறான். இரவு ஒன்பது மணி அடித்ததும் அதைக் கழற்றிச் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்துக் கொள்கிறார். கேட்டால், "அதுவும் கொஞ்சம் தூங்கட்டுமே, தம்பி!" என்கிறார். மாரடைப்பு அதிகமாக வருவது காலை வேளையில் என்பது டாக்டர்கள் அறிந்த விஷயம். விடிகிற அந்த நேரத்தில் காவல்காரன் மேஜைமேல் படுத்திருக்கிறான்!

இது புதிய தொல்லையல்ல. அமெரிக்காவில் 1940-களின் இறுதியில் நார்மன் ஹோல்ட்டர் என்பவர், நடமாடும் மனிதனின் இருதயத் துடிப்பை வானொலி அலையில் அனுப்பிப் பார்த்தார். அதற்காக அவர் முதுகில் சுமந்த மூட்டை ஏறத்தாழ 38 கிலோ! மினியாபொலிஸ் நகரில் நடந்ததோ இன்னும் உருக்கமானது. அங்கே இருதய ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்குத் துடிப்பு தந்த யந்திரம் சுவரிலிருந்து மின்சாரம் எடுத்தது. ஒயர் எட்டும் தூரம்தான் குழந்தைக்கு உலகம். 1957 அக்டோபர் 31-ல் ஊரில் மின்சாரம் நின்றது. அதில் ஒரு குழந்தை இறந்ததாகச் சொல்கிறார்கள். டாக்டர் லில்லெஹை வேறு வழி கேட்டார். ரேடியோ, டெலிவிஷன் ரிப்பேர் தெரிந்த எர்ல் பேக்கன், தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவிக்காகப் பத்திரிகையில் வந்த ஒரு படத்தைப் பார்த்து, இரண்டு டிரான்ஸிஸ்டரும் ஒரு சிறு பாட்டரியும் வைத்து, உடம்பிலேயே கட்டிக்கொள்ளும் பெட்டியைச் சுமார் நான்கு வாரத்தில் செய்து தந்தார்.

அன்று அறுத்த ஒயரை இன்று நாமே இரவுதோறும் மாட்டிக் கொள்கிறோம். காரணம் என்ன? துடிப்பைக் கணக்கிட ஆகும் மின்சாரம் அற்பம். அதை வானொலி அலையாக அனுப்புவதுதான் பாட்டரியைக் குடித்துவிடுகிறது. நம் உடம்போ பெரும்பகுதி தண்ணீர். மார்பில் ஒட்டிய கருவி முதுகுப்பக்கத்துப் பையிலுள்ள போனுடன் பேசுவதற்குள் அலையில் பெரும்பகுதியை உடம்பே விழுங்கிவிடும். 2012-ல் வகுத்த உடல்வலைப் பின்னல் விதிகளில், சருமத்தையே கம்பியாகக் கொண்டு செய்தி அனுப்பும் முறைக்கும் இடம் தந்திருக்கிறார்கள். நல்ல யோசனை.

உடற்சூட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து மைக்ரோவாட் தேறும். அதற்கும் உடம்புக்கும் காற்றுக்கும் சூட்டில் வித்தியாசம் வேண்டும். சித்திரை வெயிலில் சென்னையில் அந்த வித்தியாசத்துக்கு எங்கே போவது?

ஆகவே கருவி அதிகம் பேசக் கூடாது என்பது என் கட்சி. துடிப்பு ஒழுங்காக இருந்தால் குறித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கட்டும். தப்பினால் மட்டும் கூப்பிடட்டும். முழுக் கணக்கும் வேண்டுமென்கிற டாக்டருக்குச் சார்ஜ் ஏறும்போது மொத்தமாக அனுப்பினால் போயிற்று. வண்ண வண்ணத் திரைக்குச் செலவழிக்கிற மின்சாரத்தை இதற்கு ஒதுக்கினால் என்ன? ஒரு தடவை சார்ஜ் செய்தால் எத்தனை நாள் உழைக்கும் என்பதை டப்பாவின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிடட்டும். பாட்டரி தீருமுன் கட்டியிருப்பவருக்கு மட்டுமல்ல, மகனுக்கும் சேதி போகட்டும்.

அதுவரை, காலையில் குளித்து, பூஜை முடிக்கிற வரையில் சார்ஜ் போடும்படி தமக்கையாரிடம் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.